டோடோவின் நிஜ உருவம் இதுதானா? யார் இந்த உஸ்தாத் மன்சூர்?

1612. கோவாவுக்குப் போய்த் திரும்பிய முகர்ரப் கான், பேரரசர் ஜஹாங்கீர் முன்னால் சில விநோத உயிரினங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதில் ஒன்று வான்கோழி. நமக்கு வான்கோழி என்றாலே மயிலைப் பார்த்து ஆடிய கேலிக்கதைதான். ஆனால், தலையும் கழுத்தும் நொடிக்கு நொடி நிறம் மாறுவதைப் பார்த்து அசந்துபோனார் ஜஹாங்கீர். நேரில் பார்க்காதவர்களும் வியக்க வேண்டும் என்று, வந்த உயிரினங்களை வரையச் சொன்னார். வான்கோழியை வரைந்தவர் மன்சூர். அந்த ஓவியம் இப்போது லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

அக்பர் காலத்தில் பாபர்நாமா பிரதிகளுக்கு வண்ணம் தீட்டும் ஜூனியராகத்தான் மன்சூரின் வேலை தொடங்கியது. ஜஹாங்கீர் காலத்தில் அவருக்குக் கிடைத்த பட்டம் ‘நாதிர் அல் அஸ்ர்’. அதாவது, காலத்தின் அதிசயம். 1620இல் பேரரசரோடு காஷ்மீர் போனவர், நூறுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்தார். அவர் வரைந்த சைபீரியக் கொக்கு கொல்கத்தா இந்தியன் மியூசியத்தில் இருக்கிறது. ஐரோப்பிய விஞ்ஞானிகள் அந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்ததே 1773இல்தான்!

இந்தக் காலத்தில் டச்சுக்காரர்களும் இங்கே வந்துவிட்டார்கள். செஞ்சி நாயக்கரிடம் அனுமதி வாங்கி, கடலூர் தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் தொடங்கினார்கள். அவர்கள் நாட்டில் பறவை ஓவியத்துக்கு செம மவுசு. கோழி, வாத்து, மயில் வரைந்தே பெயர் வாங்கியவர் 1636இல் பிறந்த மெல்கியோர் டி ஹொண்டேகூட்டர். அவருக்கு முந்தைய தலைமுறையில் ரூலண்ட் சாவரி வரைந்த டோடோ, கொழுகொழுவென்று இருக்கும். இன்றைக்கும் டோடோ என்றால் உலகத்துக்கு நினைவு வருவது அந்தக் குண்டுப் பறவைதான்.

இங்கேதான் மன்சூர் மறுபடி வருகிறார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் உள்ள ஒரு முகலாய ஓவியத்தில் ஒல்லியான டோடோ ஒன்று நிற்கிறது. கையெழுத்து கிடையாது; ஆனால் மன்சூர் வரைந்ததாகவே கருதுகிறார்கள். 1950களில்தான் இது ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. சூரத்தில் இரண்டு டோடோக்களைப் பார்த்ததாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி எழுதியிருப்பதால், உயிருள்ள பறவையைப் பார்த்து வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். இன்னொரு காரணமும் உண்டு. அதே ஓவியத்தில் இருக்கும் வரித்தலை வாத்து உள்ளிட்ட மற்ற பறவைகள் அச்சு அசல். அப்படியிருக்க, டோடோவை மட்டும் இஷ்டத்துக்கு ஒல்லியாக்கியிருப்பாரா என்ன?

டோடோவைக் கடைசியாகப் பார்த்ததாகப் பலரும் ஏற்கும் பதிவு 1662. மன்சூர் வரைந்த சைபீரியக் கொக்கும் 2002 குளிர்காலத்துக்குப் பிறகு பரத்பூருக்கு வரவில்லை.