மாதுளை முத்துக்களும் மத்தேயு ரிச்சியும்

தேர்வு மண்டபத்தில் மணி அடித்தாயிற்று. வினாத்தாளின் கடைசிப் பக்கத்திலே கட்டுரைத் தலைப்பு காத்திருக்கிறது. மிஞ்சியிருப்பதோ முக்கால் மணி நேரம். அப்போது பார்த்துத்தான் காந்தியடிகள், ஆபிரகாம் லிங்கன், அன்னை தெரேசா, தெருவிளக்கில் படித்த முத்துசாமி ஐயர் எல்லாரும் ஒன்றாக நம் நினைவுக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். யாரை உள்ளே அழைப்பது? யாரைத் திருப்பி அனுப்புவது? அன்பு மாணவிகளே, இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டு இளைஞர்களும் இப்படித்தான் தூரிகையும் கையுமாகத் திகைத்து அமர்ந்திருந்தார்கள். அவர்களுள் மூவருக்கென்று ஒரு நூலே எழுதிக் கொடுத்தவர் இயேசு சபைக் குருவான மத்தேயு ரிச்சி.

இவர் 1552ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் இத்தாலியிலுள்ள மாச்செராத்தா நகரில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை நடத்தியவர். மகன் சட்டம் பயிலவேண்டும் என்று 1568இல் உரோமைக்கு அனுப்பி வைத்தார். மகனோ 1571இல் தேவதாயின் விண்ணேற்புத் திருநாளன்று இயேசு சபையில் சேர்ந்துவிட்டார். மகனை மீட்டு வரப் புறப்பட்ட தந்தை வழியில் தொலெந்தீனோ என்னும் ஊரில் காய்ச்சலில் விழுந்து, இது இறைவன் சித்தமே எனத் தெளிந்து வீடு திரும்பினாராம்.

உரோமைக் கல்லூரியில் ரிச்சி கிளாவியுஸ் என்ற பேராசிரியரிடம் கணிதமும் வானநூலும் கற்றார். அவற்றோடு சொற்கலையும் கற்றார். நட்பு, வீரம், செல்வம், மரணம் என்று தலைப்பிட்ட குறிப்பேடுகளில், பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களிலிருந்து கதைகளையும் பொன்மொழிகளையும் திரட்டி வைப்பது அக்கால மாணவர் வழக்கம். திரட்டியதை நினைவில் நிறுத்த ஒரு கலையும் இருந்தது. மனத்துக்குள் ஒரு வீட்டைக் கட்டி, மூலைக்கு ஒன்றாக உருவங்களை நிறுத்தி வைத்து, வேண்டும்போது உள்ளே நடந்துபோய் எடுத்துக்கொள்ளும் கலை அது.

1578 மார்ச்சில் லிஸ்பனில் கப்பலேறிய அவர் செப்டம்பரில் கோவா வந்து சேர்ந்தார். அங்கே இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். 1580இல் நம் அண்டையிலுள்ள கொச்சியில் குருப்பட்டம் பெற்றார். இந்திய மாணவர்கள் தத்துவமும் இறையியலும் பயிலவேண்டாம் என்று ஓர் ஏற்பாடு வந்தபோது, அது அநீதி என்று 1581இல் உரோமையிலிருந்த சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார் இந்த இருபத்தொன்பது வயது இளங்குரு. சீனத்து ரிச்சியைப் போற்றுகிற பலர் இந்தக் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

1582இல் மக்காவ், 1583இல் சீனப் பெருநாட்டின் சாவோசிங் நகர். அங்கே அவர் தலையை மழித்துப் பௌத்தத் துறவி போல உடுத்தி வாழ்ந்தார். ஆண்டுகள் சென்ற பிறகே ஓர் உண்மை புலப்பட்டது. அந்நாட்டில் மதிப்பெல்லாம் தேர்வில் வென்ற கல்விமான்களுக்குத்தான். 1595இல் அவர் தாடி வளர்த்து, கல்விமான்களின் பட்டு அங்கியை அணிந்துகொண்டார்.

அந்தத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை, எட்டாம் மாதத்தின் 9, 12, 15 ஆகிய மூன்று நாட்களில் மாகாணத் தேர்வு நடைபெறும். ஆளுக்கு ஒரு சிற்றறை. விடியலில் தொடங்கி மாலைக்குள் எழுதி முடிக்கவேண்டும். விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தைக் கண்டு எவரும் ஆளை அறிந்துவிடாதபடி, எழுத்தர்கள் ஒவ்வொரு தாளையும் சிவப்பு மையில் படியெடுத்த பிறகே தேர்வாளர் கைக்குப் போகும். முதல் நாள் கட்டுரைகள் கன்பூசிய மறைநூல்களின் மீது. அங்கே சொந்த எடுத்துக்காட்டுக்கு இடம் குறைவு. மூன்றாம் நாள் ஆட்சிமுறை பற்றிய ஐந்து வினாக்கள் வரும். அப்போதுதான் படித்த வரலாறு முழுவதும் தலைக்குள் மோதும். எந்த அரசனைச் சொல்வது, எந்தப் போரைச் சொல்வது என்று அவனவனே முடிவு செய்யவேண்டும்.

1595இல் ரிச்சி நான்சாங் நகரில் குடியேறினார். ஒரு விருந்தில், தொடர்பில்லாத நானூறு ஐந்நூறு சீன எழுத்துக்களை ஒருமுறை படித்துவிட்டு, முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒப்பித்தார். நம் ஊர் அவதானிகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. சீனர்களோ திகைத்துப் போனார்கள். அம்மாகாண ஆளுநருக்கு மூன்று புதல்வர்கள். மூவரும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கென்று 1596இல் நினைவுக் கலையைச் சீன மொழியில் நூலாக எழுதித் தந்தார் ரிச்சி. வரவேற்புக் கூடத்தின் ஒரு மூலையில் மல்லுக்கட்டும் இரு வீரர்கள், இன்னொரு மூலையில் அரிவாளால் கதிர் அறுக்கும் உழவன், மற்றொன்றில் குழந்தையை ஏந்தி நிற்கும் பணிப்பெண் என்று எழுத்துக்களை உருவங்களாக்கிக் காட்டியிருந்தார்.

மூத்த மகன் அதைக் கவனமாகப் படித்தான். விதிகள் எல்லாம் உண்மையே, ஆனால் இவற்றைப் பயன்படுத்த முதலில் மிக நல்ல நினைவாற்றல் வேண்டும்போலிருக்கிறதே என்று நண்பரிடம் சொன்னானாம். ரிச்சி இதை மறைக்காமல் தம் தலைவருக்கே எழுதினார். என் கட்சி அந்தப் பையனின் கட்சிதான். நூறு கதைகளை மனத்தில் அடுக்கி வைத்திருப்பவளுக்கும் மணி அடித்த பிறகு எடுக்கவேண்டியது இரண்டோ மூன்றோதான். எதை எடுப்பது என்பதை எந்த மூலையில் நிற்கும் உருவமும் சொல்லாது.

அதை ரிச்சி வேறொரு நூலில் செய்தே காட்டியிருக்கிறார். நான்சாங்கில் வாழ்ந்த அரச குடும்பத்தார் ஒருவர், மேல்நாட்டார் நட்பைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள் என்று கேட்டார். அதற்கு விடையாக 1595இல் எழுந்ததே நட்பைப் பற்றிய சிறு நூல். முதலில் எழுபத்தாறு துணுக்குகள். பிறகு நூறாக வளர்ந்தன. அவற்றுள் பல, ஐரோப்பிய மாணவர்களின் தொகுப்பு நூல் ஒன்றிலிருந்து வந்தவை என்று பின்னாளைய ஆய்வாளர் கண்டிருக்கிறார்கள். சரக்கு பழையதுதான். எதைப் பொறுக்கினார் என்பதில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது. கருவூலம் இல்லாத இளவரசன் அலெக்சாந்தர் தன் செல்வம் நண்பர் உள்ளங்களில் இருப்பதாகச் சொன்ன கதை அதில் உண்டு. ஒரு பெரிய மாதுளையைப் பிளந்த அறிஞரின் கதையும் உண்டு. இத்தனை முத்துக்கள் அளவுக்கு எதை விரும்புவீர் என்று கேட்க, உண்மையுள்ள நண்பர்களை என்றார் அவர்.

இந்த மாதுளையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சீனருக்குப் பிளந்த மாதுளை என்றாலே பிள்ளைச் செல்வம். வாசகர் அதையே எதிர்பார்த்து வருவார். அங்கே நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். கன்பூசியர் வகுத்த ஐந்து உறவுகளுள் நட்பும் ஒன்றாகையால் அந்தத் திருப்பம் அவர்களுக்கு அந்நியமாகவும் படவில்லை. படிப்பவர் வீட்டுத் தோட்டத்துப் பழத்தையே எடுத்துத் தம் கருத்தை அதனுள் வைத்துவிட்டார். தாம் செய்தவற்றுள் இந்தச் சிறு நூலே ஐரோப்பாவுக்கு அதிக மதிப்பைத் தேடித் தந்தது என்று ரிச்சியே பிற்பாடு எழுதினார்.

தேர்வின் மறுபக்கத்தையும் அவர் தம் நண்பர் வாழ்வில் கண்டார். ஷாங்காயைச் சேர்ந்த சூ குவாங்சி பலமுறை தோற்றவர். 1597இல் தள்ளப்பட்ட தாள்களிடையே கிடந்த அவருடைய கட்டுரையைத் தலைமைத் தேர்வாளர் கண்டெடுத்து, முதலிடமே தந்தார். அந்தச் சூ குவாங்சி 1603இல் பவுல் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். மறு ஆண்டு தலைநகரத்து உயர் தேர்விலும் வென்றார். இருவரும் சேர்ந்து யூக்ளிட்டின் வடிவியல் நூலில் முதல் ஆறு பகுதிகளைச் சீனத்தில் பெயர்த்து 1607இல் வெளியிட்டனர்.

1601 சனவரியிலேயே ரிச்சி பீக்கிங் சேர்ந்திருந்தார். பேரரசர் வான்லிக்கு மணிப்பொறிகளைக் காணிக்கையாக்கினார். பேரரசரை நேரில் காணும் வாய்ப்பு மட்டும் கிட்டவேயில்லை. 1602இல் அவர் அச்சிட்ட பெரிய உலகப்படம் புகழ்பெற்றது. ஆனால் அவர் நாட்கள் பெரும்பாலும் கழிந்தது வரவேற்பறையில்தான். வந்தவர் எவரையும் அவர் காக்க வைத்ததில்லை.

1610ஆம் ஆண்டு தலைநகரில் உயர் தேர்வு நடந்த ஆண்டு. நாடெங்குமிருந்து வந்து குவிந்த தேர்வர்களுள் மிகப் பலர் ரிச்சியின் கதவைத் தட்டினார்கள். தவக்காலமாதலால் ஒருவேளை உணவு. அதையும் பாதியில் விட்டு எழுந்துபோய் அவர்களை வரவேற்றார். மே மாதத் தொடக்கத்தில் களைத்துப் படுக்கையில் விழுந்தார். 11ஆம் நாள் மாலை, ஐம்பத்தேழாம் வயதில் ஆண்டவரில் துயில்கொண்டார். அந்நியர் எவருக்கும் எளிதில் கிடைக்காத கல்லறை நிலம் பேரரசரின் ஆணையால் அவருக்குக் கிடைத்தது. 2022 டிசம்பர் 17இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.