ஹீரோவுக்கு ஒரு தீம்... இசையமைப்பாளருக்கு ஒரு உயிர்: ‘ராபின் ஹூட்’ காப்பாற்றிய கோர்ன்கோல்ட்டின் கதை

ஹீரோ திரைக்கு வருவதற்கு முன்பே அவருக்கான பிஜிஎம் வந்துவிடும். வில்லனுக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று எனத் தனித்தனி இசை இருக்கும். நமக்கு இதெல்லாம் ரொம்ப சாதாரணம். ஆனால், பேசும்படம் வந்த புதிதில் ஹாலிவுட்டுக்கே இது புதுசு. 1930களில் இதை ஒரு கலையாக வளர்த்தவர்களில் மேக்ஸ் ஸ்டைனரும் எரிக் வுல்ஃப்காங் கோர்ன்கோல்ட்டும் முக்கியமானவர்கள். இதில் கோர்ன்கோல்ட் சினிமாக்காரரே இல்லை. வேண்டாம் என்று அவர் ஒதுக்கிய ஒரு படம்தான் அவர் உயிரையே காப்பாற்றியது.

யார் இந்த கோர்ன்கோல்ட்?

இன்றைய செக் குடியரசில் உள்ள புர்னோ நகரில், 1897-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது வியன்னாவில். அப்பா ஜூலியஸ், அந்த ஊரே பயப்படும் இசை விமர்சகர். சிறுவன் எரிக்கின் இசையைக் கேட்ட பிரபல இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர், இவன் மேதை என்றே சொல்லிவிட்டார்.

11 வயதில் எரிக் எழுதிய நாட்டிய நாடகம், 1910-ல் வியன்னா அரசவை ஓபராவில் மேடையேறியது. 23 வயதில் ‘டி டோட்டே ஸ்டாட்’ ஓபரா ஒரே நாளில் இரண்டு ஜெர்மன் நகரங்களில் அரங்கேறியது. ஐரோப்பாவே கொண்டாடியது.

ஹாலிவுட்டுக்கு எப்படிப் போனார்?

நாடக இயக்குநர் மேக்ஸ் ரைன்ஹார்ட், ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைப் படமாக்க 1934-ல் இவரையும் அழைத்துப் போனார். அடுத்த ஆண்டே ‘கேப்டன் பிளட்’ வந்தது. 1936-ல் வெளியான ‘ஆன்டனி அட்வர்ஸ்’ இசைக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஆனால் அன்றைய விதிப்படி அந்த விருது ஸ்டுடியோவின் இசைத் துறைத் தலைவருக்குத்தான் போனது.

அவர் செய்தது என்ன?

ஓபராவில் ‘லைட்மோட்டிஃப்’ என்றொரு உத்தி உண்டு. ஒரு கதாபாத்திரம், ஒரு இடம் அல்லது ஒரு உணர்வுக்கென்று ஒரு சின்ன மெட்டு. ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னர் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். அது வெறும் அடையாளச் சீட்டு கிடையாது. கதை நகர நகர மெட்டும் மாறும். ஹீரோ ஜெயிக்கும்போது எக்காளத்தில் முழங்கும் அதே மெட்டு, அவன் தோற்கும்போது வயலினில் மெதுவாகக் கசியும். வசனம் எதுவும் இல்லாமலேயே என்ன நடக்கிறது என்று ரசிகருக்குப் புரிந்துவிடும்.

கோர்ன்கோல்ட்டுக்கு சினிமா என்பது பாட்டு இல்லாத ஓபரா. படத்தைத் திரையில் ஓடவிட்டு, பியானோவில் உட்கார்ந்து காட்சிக்குக் காட்சி வாசித்துப் பார்த்துத்தான் இசையை உருவாக்குவார். 1940-ல் வந்த ‘தி சீ ஹாக்’ படத்தில் கடல் வீரர்களுக்குக் கம்பீரமான எக்காள முழக்கம். கதை பனாமா காட்டுக்குள் போனதும் தாள வாத்தியங்கள் முன்னுக்கு வந்துவிடும். இசையே இடத்தை மாற்றிக் காட்டும்.

உயிரைக் காத்த படம்

1938 தொடக்கத்தில், வியன்னாவில் தன் புதிய ஓபரா வேலையில் இருந்தார். ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’ படத்துக்காக வார்னர் பிரதர்ஸிடமிருந்து அவசர அழைப்பு. மனைவி, இளைய மகனுடன் கிளம்பிப் போனார். படத்தைப் பார்த்ததும், சண்டைப் படம் தனக்கு ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்.

அது பிப்ரவரி 12. அதே நாளில்தான் ஆஸ்திரியப் பிரதமரை ஹிட்லர் நேரில் வரவழைத்து மிரட்டிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ மறுபடியும் கெஞ்ச, வாராவாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு கோர்ன்கோல்ட் சம்மதித்தார். சரியாக ஒரே மாதம். மார்ச் 12-ல் ஜெர்மன் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. அவர் மறுத்துவிட்டுத் திரும்பியிருந்தால்? அவருடைய பெற்றோரும் மூத்த மகனும் கடைசி நேரத்தில் தப்பி வந்தார்கள். வீடு பறிபோனது.

அந்தப் பதற்றத்தில்தான் ராபின் ஹூட்டின் உற்சாகமான இசை பிறந்தது. வியன்னாவில் எடுபடாமல் போன தன்னுடைய பழைய படைப்பான ‘சுர்சும் கோர்டா’வின் மெட்டுகளையும் இதில் சேர்த்துக்கொண்டார். இந்த முறை ஆஸ்கர் அவர் பெயருக்கே வந்தது. ராபின் ஹூட்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு?

ஹிட்லர் ஒழியும்வரை சினிமாவைத் தாண்டி மேடைக்கு எழுதுவதில்லை என்று முடிவெடுத்தார். போர் முடிந்ததும் எழுதிய வயலின் கான்செர்ட்டோவில் தன் படங்களின் தீம்களையே பயன்படுத்தினார். 1947-ல் யாஷா ஹைஃபெட்ஸ் அதை அரங்கேற்றினார். ரசிகர்கள் கைதட்ட, நியூயார்க் விமர்சகர் ஒருவரோ அவர் பெயரைப் பிரித்து, இதில் தங்கத்தைவிடச் சோளம்தான் அதிகம் என்று கிண்டலடித்தார். 1949-ல் வியன்னா திரும்பியபோது அங்கேயும் பெரிய வரவேற்பு இல்லை. இசை உலகம் வேறு பாதைக்குப் போயிருந்தது. ‘சினிமாக்காரர்’ என்ற முத்திரை வேறு. 1957-ல், 60 வயதில், தான் மறக்கப்பட்டுவிட்டோம் என்ற வருத்தத்தோடே ஹாலிவுட்டில் காலமானார்.

1972-ல் அவர் மகன் ஜார்ஜ் தயாரித்த திரையிசை ஆல்பம் அவரை மீண்டும் பேசவைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது. அதன் தொடக்க இசையில், கோர்ன்கோல்ட்டின் ‘கிங்ஸ் ரோ’ (1942) பட இசையின் சாயல் இருப்பதைப் பலரும் சுட்டிக்காட்டுகிறார்கள். கேலிக்கு ஆளான அந்த வயலின் கான்செர்ட்டோவை இன்று உலகின் முன்னணிக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அதற்குள் இருப்பது அதே சினிமா மெட்டுகள்தான்.