தாய்மொழியில் மருத்துவம் தந்த கிறீன்

இடுப்பு மூட்டுத் தேய்ந்து நடக்க இயலாதிருக்கும் முதியவருக்கு, மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை அவசியம் என வைத்தியர் கூறுகிறார். தமக்கு என்ன செய்யப்போகிறார்கள், இனி நிலத்தில் அமரலாமா, முன்போல் தொழலாமா என்ற வினாக்கள் அவர் மனதில் எழுகின்றன. அவற்றுக்கு அவருடைய மொழியிலேயே விடை கிடைக்கவேண்டும். இதனை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்து யாழ்ப்பாண மண்ணில் உழைத்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார்.

1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்ரர் நகரில் பிறந்த கிறீன், 1847இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மயக்கமருந்து கொடுத்து வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது அவருடைய மாநிலத்தின் பொஸ்ரன் நகரில் பலரறிய நிரூபிக்கப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. 1848இல் அவர் இளைஞர்களுக்கு மேலைத்தேய மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி தோன்றியது 1870இலேயாகும். மதம் பரப்பும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதனை அவர் மறைத்தாரில்லை. ஆயினும் அவர் விட்டுச்சென்ற மருத்துவச் செல்வம் எல்லா மதத்தவருக்கும் பொதுவானது.

ஆங்கிலத்தில் பயின்ற மாணவர்கள் அரச உத்தியோகத்தை நாடிச் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றி இருந்தமையை கிறீன் கண்டார். 1857இல் தாயகம் திரும்பிய அவர், 1862இல் மீண்டும் வந்தபின் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கு நூல்கள் வேண்டுமென்பதால் அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் தமிழில் வெளிவரச் செய்தார். வழக்கிலுள்ள தமிழ்ச்சொல் இருப்பின் அதனையும், இல்லாவிடின் வடசொல்லையும், அதுவும் இல்லாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்திலும் வழங்குவது அவரது முறையாக இருந்தது. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை அவர் கைவிடவில்லை. 1884இல் காலமான அவரது கல்லறையில், தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றே அவரது விருப்பப்படி பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காலத்தில் இடுப்பு மூட்டை மாற்றும் வித்தையை எவரும் அறிந்திருக்கவில்லை. இன்று கையாளப்படும் முறைக்கு அடித்தளமிட்டவர் இங்கிலாந்தின் ஜோன் சான்லி ஆவார். 1962இல் அவர் அதனைச் செம்மைப்படுத்தினார். தேய்ந்த தொடையெலும்பின் தலையை அகற்றி உலோகத் தண்டும் உருண்டையும் பொருத்துவர். இடுப்பெலும்புக் குழியில் புதிய கிண்ணம் வைப்பர். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி, ஊன்றுகோலின் துணையுடன் நடக்க வைப்பர்.

சத்திரசிகிச்சையின் பயன் அதன்பின் வீட்டில் நடப்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. முதற்சில வாரங்களில் தாழ்ந்த இருக்கையில் அமர்தல், குந்துதல், கால்மேல் கால் போடுதல், மிகக் குனிதல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு பலருக்குக் கூறப்படுகிறது. செய்யப்பட்ட முறைக்கேற்ப இவை வேறுபடும் என்பதால் தம் வைத்தியரையே கேட்டறிய வேண்டும். மலசலகூடத்தில் உயர்ந்த இருக்கை அமைத்தல் நன்று. தொழுகையை முன்போல் நிறைவேற்ற இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழலாம். மார்க்கம் அதற்கு இடமளிக்கிறது. கெண்டைக்காலில் வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ, காயத்தில் சீழோ, காய்ச்சலோ கண்டால் தாமதியாது வைத்தியசாலையை நாடவேண்டும். இயன்மருத்துவர் சொல்லும் பயிற்சிகளைக் கைவிடாது செய்வதும் அவசியம்.

இவற்றுள் ஒரு வரியேனும் நோயாளிக்கு விளங்காதிருப்பின், திறமாகச் செய்த சத்திரசிகிச்சையும் வீணாகலாம். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவபீடம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது. உலகளாவிய அறிவுக்கு அது தேவைதான். ஆனால் படுக்கையருகே நிற்கும் வைத்தியர் பேசவேண்டியது நோயாளியின் மொழியையேயாகும். ஒப்புதல் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அதன் பொருளை அவருக்குத் தமிழில் விளக்குவதும், வீட்டுக்குச் செல்லும்போது எளிய தமிழ்க் குறிப்பொன்றைக் கையளிப்பதும் பெருஞ்செலவு தரும் காரியங்களல்ல. கடல்கடந்து வந்த ஒருவர் எமது மொழியைக் கற்று இதனைச் செய்தார் எனில், அம்மொழியிலே பிறந்த எம்மால் இயலாது என்று சொல்வதற்கில்லை.