லூதர் பேர்பாங்க் (1849 – 1926)
23 விதைகளிலிருந்து ஒரு புதிய உருளைக்கிழங்கு



விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைக் கற்கும்போது ஆண்டுகளை மட்டும் மனனம் செய்து விடாதீர்கள். அவர் எதனை அவதானித்தார், அதனால் பயனடைந்தவர்கள் யார், அவருக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்று கேள்விகளையும் மனதில் வைத்து இப்பாடத்தை வாசியுங்கள்.

1. இளமைக் காலம்

லூதர் பேர்பாங்க் 1849 மார்ச் 7ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள லங்காஸ்டர் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம் ஒன்றின் 13ஆவது பிள்ளை இவர். பாடசாலைக் கல்வியோடு நின்றவர், பல்கலைக்கழகம் சென்றவரல்லர். தந்தையின் மறைவின் பின்னர் கிடைத்த முதுசத்தைக் கொண்டு லூனென்பேர்க் என்னும் இடத்தில் 17 ஏக்கர் நிலம் வாங்கி மரக்கறி பயிரிட்டார்.

வளர்ப்பு விலங்குகளிலும் தாவரங்களிலும் ஏற்படும் மாறல்கள் பற்றிச் சாள்ஸ் டார்வின் எழுதி 1868இல் வெளிவந்த நூலை இவர் வாசித்தார். மாறல்கள் இயற்கையில் தோன்றுகின்றன என்றால், அவற்றுள் நல்லவற்றை மனிதன் தெரிவு செய்து பெருக்கலாம் அல்லவா? இந்த எண்ணமே அவரது வாழ்நாள் முயற்சிக்கு வித்திட்டது.

2. முதலில் இதனை விளங்கிக்கொள்ளுங்கள்

விவசாயி நடும் 'விதைக்கிழங்கு' உண்மையில் விதை அன்று. அது நிலக்கீழ்த் தண்டின் முகிழ் ஆகும். இதிலிருந்து முளைக்கும் செடி தாய்ச் செடியை ஒத்ததாகவே இருக்கும். ஏனெனில் இது பதியமுறை இனப்பெருக்கம். உருளைக்கிழங்கின் மெய்யான விதைகளோ, பூத்த பின்னர் தோன்றும் சிறிய பச்சைக் காய்களின் உள்ளே இருக்கின்றன. அவ்விதைகளிலிருந்து முளைக்கும் செடிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகவே புதிய இனத்தைத் தேடுபவர் விதையை நாட வேண்டும். கிடைத்த நல்ல இனத்தை மாறாமல் பேண விரும்புபவர் கிழங்கை நாட வேண்டும். இந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டே பலர் புள்ளிகளை இழக்கின்றனர்.

ஒரே இனத்தை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் நினைவிற் கொள்ளுங்கள். 1845இல் அயர்லாந்தில் வெளிறல் நோய் பரவியபோது, மக்கள் பெரும்பாலும் ஒரே இன உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்தனர். அதன் பின் வந்த பஞ்சத்தில் சுமார் 10 இலட்சம் பேர் இறந்தனர்.

3. காணாமற்போன காய்

1872இல் தமது தோட்டத்தில் 'ஏர்லி ரோஸ்' என்ற இனச் செடி ஒன்றில் ஒரேயொரு காய் இருப்பதைப் பேர்பாங்க் கண்டார். இவ்வினம் காய்ப்பது மிக அரிது. அது முற்றும்வரை நாள்தோறும் சென்று பார்த்து வந்தார். ஒருநாள் காயைக் காணவில்லை! வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். இவரோ பல நாட்கள் மண்ணைக் கிளறித் தேடி, செடிக்குச் சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த காயைக் கண்டெடுத்தார்.

அதனுள் இருந்தவை 23 விதைகள். அடுத்த இளவேனிலில் விதைத்தபோது 23உம் முளைத்தன. கிழங்குகள் நிறத்திலும் வடிவத்திலும் அளவிலும் வேறுபட்டிருந்தன. அவற்றுள் இரண்டு சிறந்தவை. அவ்விரண்டிலும் ஒன்று மிகச் சிறந்தது. வெண்ணிறத் தோலும் நீண்ட வடிவமும் கொண்ட பெரிய கிழங்குகளை அது நிறையத் தந்தது. அதனையே தெரிவு செய்து கிழங்கு மூலம் பெருக்கினார்.

4. 150 டொலர்

1875இல் ஜே. ஜே. எச். கிரெகரி என்ற விதை வணிகருக்கு இக்கிழங்கின் உரிமையைப் பேர்பாங்க் விற்றார். கேட்ட விலை 500 டொலர். கிடைத்தது 150 டொலர். தமக்கென 10 கிழங்குகளை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி பெற்றார். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் சான்டா ரோசா நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆரம்பத்தில் கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து பிழைத்தார்.

கிழங்கிற்கு அவரது பெயரே இடப்பட்டது. பிற்காலத்தில் இவ்வினத்தில் ஏற்பட்ட விகாரத்தினால் கபில நிறச் சொரசொரப்பான தோலுடைய 'ரசெற் பேர்பாங்க்' தோன்றியது. நீண்ட வடிவமும் அதிக உலர்பதார்த்தமும் கொண்டமையால் பொரிப்பதற்கும் வாட்டுவதற்கும் இது ஏற்றது. உணவுக் கம்பனிகள் விரும்பின. எனவே விவசாயிகளும் பயிரிட்டனர். வட அமெரிக்காவில் மிகப் பெருமளவில் பயிரிடப்பட்ட இனமாக இது விளங்கியது. ஆயினும் இதற்கு நீண்ட பயிர்க்காலமும் மிகுந்த நீரும் தேவை. வெளிறல் நோயும் இதனை எளிதில் தாக்கும். நுகர்வோர் விரும்புவதும் விவசாயிக்கு இலகுவானதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பல கோடி டொலர் வருமானம் தந்த இக்கிழங்கினால் அதனை உருவாக்கியவருக்கு அந்த 150 டொலருக்கு மேல் உரிமைப் பணம் கிடைக்கவில்லை. அக்காலத்தில் புதிய தாவரங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. அவர் இறந்து 4 ஆண்டுகளின் பின்னர், 1930இல் அமெரிக்காவில் தாவரக் காப்புரிமைச் சட்டம் வந்தது. ஆனால் முகிழ் மூலம் பெருகும் தாவரங்களை அச்சட்டம் விலக்கி வைத்தது. 1994இல் வேறொரு சட்டம் திருத்தப்பட்ட பின்னரே உருளைக்கிழங்கு இனங்கள் பாதுகாப்புப் பெற்றன.

5. சாதனையும் குறையும்

சான்டா ரோசாவில் 50 ஆண்டுகள் உழைத்து 800க்கும் மேற்பட்ட புதிய தாவர இனங்களைப் பேர்பாங்க் உருவாக்கினார். சாஸ்தா டெய்சி மலர், சான்டா ரோசா பிளம்ஸ், முள்ளற்ற கள்ளி என்பன அவற்றுட் சில. ஆயிரக்கணக்கான நாற்றுக்களை வளர்த்து, சிறந்த சிலவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழிப்பதே அவரது முறை.

1905இல் கார்னகி நிறுவனம் ஆண்டுக்கு 10,000 டொலர் உதவி வழங்கத் தொடங்கியது. ஆனால் எந்தச் செடியை எதனோடு கலந்தார் என்ற ஒழுங்கான பதிவுகள் அவரிடம் இல்லை. சில ஆண்டுகளில் அவ்வுதவி நின்றது. பதிவு இல்லாத பரிசோதனையை மற்றொருவர் மீண்டும் செய்து பார்க்க முடியாது. செய்முறைக் குறிப்பேட்டை ஒழுங்காக எழுதுமாறு உங்களை வற்புறுத்துவதும் இதனாலேயே.

1926 ஏப்ரல் 11இல் பேர்பாங்க் காலமானார். சான்டா ரோசாவில் அவர் வாழ்ந்த வீட்டு வளவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

பயிற்சி வினாக்கள்

1. புதிய இனத்தைப் பெற விதையும், அதனைப் பேணக் கிழங்கும் பயன்படுத்தப்படுவது ஏன்?
2. ரசெற் பேர்பாங்க் இனத்தின் அனுகூலங்கள் இரண்டும் பிரதிகூலங்கள் இரண்டும் தருக.
3. பேர்பாங்கிற்கு உரிய வருமானம் கிடைக்காமைக்கான காரணத்தை விளக்குக.
(குறிப்பு: 3ஆம் வினாவிற்கு விடையெழுதும்போது 1875, 1930, 1994 ஆகிய மூன்று ஆண்டுகளையும் தொடர்புபடுத்துங்கள்.)