கண்ணியமிகு காயிதே மில்லத்

கண்ணியமிகு என்னும் அடைமொழியைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுபவர் மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள். அந்த அடைமொழி அவர்களுக்கு எவ்வாறு பொருந்திற்று என்பதை நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

திருநெல்வேலி பேட்டையில் 1896 ஜூன் 5 அன்று பிறந்த அவர்கள், இளம் வயதிலேயே தந்தையை இழந்து அன்னையின் அரவணைப்பில் வளர்ந்தார்கள். தோல் வணிகத்தில் ஈடுபட்டு, பின்னர் பொதுவாழ்வில் முழுமையாக இறங்கினார்கள். 1946 முதல் 1952 வரை சென்னை மாகாண சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார்கள்.

நாடு பிரிந்த பின் நம் சமுதாயத்தின் மீது ஐயப்பார்வை படர்ந்திருந்த காலம் அது. 1948 மார்ச்சில் சென்னையில் கூடிய கூட்டத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்கள். அவ்வாண்டு நவம்பர் 23 அன்று, அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்திற்கு வந்தபோது, எந்தச் சமுதாயத்தின் தனியார் சட்டமும் வலிந்து மாற்றப்படலாகாது எனத் திருத்தம் கொண்டு வந்தார்கள். யூகோஸ்லாவியா போன்ற நாடுகளின் முன்மாதிரிகளைக் காட்டி வாதிட்டார்கள். திருத்தம் ஏற்கப்படவில்லை. 1949 மே மாதம் தனித்தொகுதி கோரி அவர்கள் கொண்டு வந்த திருத்தமும், கடுமையான எதிர்ப்புரைகளுக்கிடையே தோற்றது.

ஆயினும் அவர்கள் கொள்கையைக் கைவிடவுமில்லை. சபையை வெறுத்து ஒதுங்கவுமில்லை. நிறைவேறிய சாசனத்தை ஏற்று, அது தந்த உரிமைகளைக் கொண்டே தொடர்ந்து போராடினார்கள். மாநிலங்களவையிலும், பின்னர் 1962, 1967, 1971 தேர்தல்களில் கேரளத்தின் மஞ்சேரி தொகுதியில் வென்று மக்களவையிலும் சமுதாயத்தின் குரலாக ஒலித்தார்கள். வாதத்தில் உறுதி, வார்த்தையில் மென்மை என்பதே அவர்களின் வழி. ஃபிர்அவ்னிடமே மென்மையாகப் பேசும்படி நபிமார்கள் மூஸா, ஹாரூன் (அலை) ஏவப்பட்டதை அறிந்த நமக்கு இவ்வழி புதிதன்று.

1972 ஏப்ரல் 5 அன்று அவர்கள் மறைந்தபோது, கருத்தில் மாறுபட்டிருந்தோரும் கட்சி பேதமின்றி அஞ்சலி செலுத்தினர். சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அவர்கள் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள். வாக்கெடுப்பில் தோற்ற தலைவர் மதிப்பில் தோற்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இன்று நம் நிலை என்ன? பொதுக்குழுவில் கணக்கு கேட்பவரைப் பகைவராகக் கருதுகிறோம். நிர்வாகத் தேர்தல் முடிந்த பின்னும் ஒரே ஸஃப்பில் நிற்கும் இருவர் ஸலாம் சொல்லாமல் பிரிந்து செல்கின்றனர். கேள்வி கேட்பது உரிமை. பதில் சொல்வது கடமை. இரண்டையும் குரல் உயர்த்தாமல் செய்ய இயலும் என்பதற்கு அப்பெருந்தகையின் வாழ்வே நமக்குப் பாடமாகும்.

வல்ல அல்லாஹ் அன்னாரின் மண்ணறையை ஒளிமயமாக்கி, நம் நாவுகளுக்கும் அந்தக் கண்ணியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.