பீரங்கிக்காரரின் கறி அடுப்பு

போன தீபாவளி லீவுக்கு சிவகிரி போனப்ப, வீட்டுக்குப் புதுசா ஒரு ஓவன் வந்திருந்தது. முழுக்கோழிக்கு மசாலா தடவி உள்ளே வைத்து, சீக்கிரம் வேகட்டும்னு 250 டிகிரிக்குத் திருகிவிட்டேன். நாற்பது நிமிஷத்தில் தோல் கரி. எலும்போரம் வெட்டிப் பார்த்தால் ரத்தம். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் பாஸ் ஆனவன் செய்த வேலை இது! அம்மா ஒண்ணும் சொல்லல, கரிஞ்சதைச் சீவிட்டுக் குழம்பில் போட்டுட்டாங்க.

இந்தச் சிக்கலை 200 வருஷத்துக்கு முன்னாடியே யோசித்த ஒருத்தரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பீரங்கிக் குழாயைத் துளைக்கும்போது வந்த சூட்டை அளந்து, வெப்பம் ஒரு பொருள் இல்லை, இயக்கம்தான் என்று 1798-ல் சொன்னாரே, கவுன்ட் ரம்ஃபோர்ட், அவர்தான். நம்ம பாடப்புத்தகம் அவரைப் பீரங்கியோட விட்டுடும். அடுப்படிக்குள் வராது.

இயற்பெயர் பெஞ்சமின் தாம்சன். 1753-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் ஒரு பணக்கார விதவையைக் கல்யாணம் செய்தார். விடுதலைப் போர் வந்தப்ப ஆங்கிலேயருக்கு உளவு சொல்லிவிட்டு, மனைவியையும் கைக்குழந்தையையும் அங்கேயே விட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். அந்த மனைவியைத் திரும்பப் பார்க்கவே இல்லை. நல்ல மனுஷன்னு நான் சொல்ல மாட்டேன்.

பிறகு ஜெர்மனியில் பவேரியா ஆட்சியாளரிடம் வேலை. 1790 புத்தாண்டு அன்று மியூனிக் நகரப் பிச்சைக்காரர்களைப் பிடித்து, ராணுவத்துக்குத் துணி தயாரிக்கும் ஒரு இல்லத்தில் வேலைக்குச் சேர்த்தார். அவ்வளவு பேருக்கும் தினமும் சமைக்கணும், விறகும் மிச்சமாகணும். பார்லி, பட்டாணி, உருளைக்கிழங்கு போட்ட ரம்ஃபோர்ட் சூப் அப்படி வந்ததுதான்.

அந்தச் சமையலறையில் உருளைக்கிழங்கு உலர்த்த ஒரு கருவி செய்து வைத்திருந்தார். அதில் கறி வேகுமான்னு பார்க்க ஆட்டின் முன்னந்தொடை ஒன்றை வைத்தார். மூணு மணி நேரமாகியும் வேகல. சூடு பத்தலைன்னு எரிச்சலோட வீட்டுக்குப் போயிட்டார். சமையல்காரப் பெண்கள் அதை எடுக்காமல் ராத்திரி முழுக்க உள்ளேயே விட்டுட்டாங்க. காலையில் பார்த்தால் பதமாக வெந்திருந்தது, ருசியும் அபாரம்!

என்ன நடந்ததுன்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. கறி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். வெளியே சூட்டைக் கூட்டினால் தோல்தான் முதலில் அடி வாங்கும். நடுப்பகுதிக்கு வேண்டியது நேரம்.

இதை வைத்து அவர் ஒரு ரோஸ்டர் கட்டினார். செங்கல் கட்டுக்குள் படுத்த நிலையில் ஒரு இரும்புத் தகட்டு உருளை, அடியில் சின்ன தீ. கறி கம்பித் தட்டில் இருக்கும். சொட்டும் கொழுப்பு கருகாமல் இருக்க, கீழே தண்ணீர் ஊற்றிய தட்டு. உருளைக்கு அடியில் இரண்டு காற்றுக் குழாய்கள், அடைப்பானோடு. கறி வேகும்வரை அவை மூடியே இருக்கும். கடைசியில் தீயைக் கூட்டி அடைப்பானைத் திறந்தால், உலர்ந்த சூடான காற்று உள்ளே பாய்ந்து மேல்புறம் பொன்னிறமாகும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தக் குழாய்தான். உள்ளே வேகுறதையும் வெளியே சிவக்குறதையும் இரண்டு தனி வேலையாப் பிரிச்சிட்டார் பாருங்க.

1799-ல் லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் தொடங்க முன்னின்றார். அப்புறம் பாரிஸில் லவாய்சியரின் விதவையை மணந்தார். ஒத்துப்போகல. ஒரு சண்டையில் அந்தம்மா அவருடைய பூச்செடிகளுக்குக் கொதிதண்ணீர் ஊற்றினாராம். 1809-ல் பிரிந்தார்கள். 1814-ல் பாரிஸ் பக்கத்து ஓத்தோயில் இறந்தார்.

ஒரு எச்சரிக்கை: ராத்திரி முழுக்க இளஞ்சூட்டில் விடுற வேலையைக் கோழியில் செஞ்சிடாதீங்க, கிருமி பெருகும். கோழி உள்ளே 74 டிகிரி தொடணும். ஒன்றரை கிலோ கோழிக்கு ஓவனை 180-ல் வைத்தால் ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். பொங்கலுக்கு நான் அப்படித்தான் வைத்தேன், கடைசிப் பத்து நிமிஷம் மட்டும் 220. இந்தத் தடவை குழம்புக்கு மிச்சமில்ல.