கடன்பட்டவர்களே கட்டிய வங்கி

1846ஆம் ஆண்டு. ஜெர்மனியின் மேற்குப் பகுதி மலைநாடு. விளைச்சல் பொய்த்தது. குளிர் வந்தது; கூடவே பசியும் வந்தது.

அங்கே வெயர்புஷ் என்னும் சிற்றூர்க் கூட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் 28 வயது வாலிபர், பிரெடரிக் வில்லெம் ரைபைசன். 1818இல் பிறந்து, பீரங்கிப் படையில் சேர்ந்து, கண்நோயால் விலகியவர். வசதியுள்ளோரிடம் பணம் திரட்டினார், அடுப்பு கட்டினார், ஏழைக்கு ரொட்டியைக் கடனாகக் கொடுத்தார்.

பசி தணிந்தது. கடன் தணிந்ததா? இல்லை! உழவன் வட்டிக்காரனிடம் கடனுக்கு மாடு வாங்குவான். தவணை தவறினால் மாடு போகும். பின்னர் நிலமும் போகும். இதைக் கண்டு கொதித்த ரைபைசன், 1849இல் பிளாமர்ஸ்பெல்டில் ஒரு சங்கம் கண்டார். செல்வர்கள் பிணை நின்றனர். உழவருக்குத் தவணையில் மாடு கிடைத்தது. 1854இல் ஹெட்டஸ்டார்பில் மற்றொரு சங்கம்.

ஆனால், கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர் என்றால் அது தருமம்தானே? கொடுப்பவர் மனம் சலித்தால் தருமம் நின்றுவிடுமே! பத்தாண்டு அனுபவம் அவருக்குப் புகட்டிய பாடம் இது.

1864இல் சங்கத்தை மாற்றி அமைத்தார். கடன் வேண்டுவோர் உறுப்பினர் ஆகவேண்டும். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. எல்லை சிறியது, ஒருவரை ஒருவர் அறிவர். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. இலாபம் பொது நிதிக்கு.

நகரத்து வங்கி ஏழையிடம் அடமானம் கேட்கும். அவனிடம் ஏது அடமானம்? அவன் உழைப்பாளியா, ஊதாரியா என்பது வங்கிக்குத் தெரியாது. அடுத்த வீட்டுக்காரனுக்குத் தெரியும். அந்த அறிவையும் நாணயத்தையுமே பிணையாக்கினார் ரைபைசன்.

பார்வை மங்கியது, 1865இல் பதவி போயிற்று. மகள் அமேலியாவின் துணையுடன் எழுதினார். 1866இல் அவர் நூல் வெளிவந்தது. 1888இல் மறைந்தார்.

அவர் வழி சென்னைக்கும் வந்தது. 1892இல் சென்னை அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சனை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராயப் பணித்தது. அவரது அறிக்கை ரைபைசன் முறையைப் பரிந்துரைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது.

பலன்? 1954இல் வெளியான அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு கணக்குக் காட்டியது. உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவு தந்தது நூற்றுக்கு 3 பங்கு. வட்டிக்காரர் தந்தது ஏறத்தாழ 70 பங்கு!

ஏன்? ஜெர்மனியில் சங்கம் ஊருக்குள் முளைத்தது. இங்கே சட்டம் மேலிருந்து இறங்கியது. பல ஊர்களில் சங்கம் பெருநிலக்காரர் பிடியில் சிக்கியது. நிலத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். நிலமற்றவன் வாசலிலேயே நின்றான்.

வங்கிக் கட்டடம் எழுந்துவிட்டால் வறுமை ஒழியாது. அதன் கணக்கைக் கேட்கும் உரிமை யாருக்கு என்பதே கேள்வி. தோழரே, உங்கள் ஊர்ச் சங்கத்தின் பேரவை கூடும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? போய் அமருங்கள். கணக்கைக் கேளுங்கள். அந்த நாற்காலி உங்களுடையது!